ஐஸ்கிரீம் இயந்திரத்தோடு ஓடியவன்

ஸ்டார் வார்ஸ் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எனக்கு அந்த 'வூம்ம்ம்' காதில் கேட்க ஆரம்பித்துவிடும். லைட்சேபர் என்ற ஒளிவாளை உயிர்ப்பிக்கும்போது ஒரு சத்தம், காற்றில் வீசும்போது ஒரு சத்தம், இரண்டு வாள்கள் மோதும்போது ஒரு சத்தம். குடை கையில் கிடைத்தால்கூட என் வாய் தானாக அந்தச் சத்தத்தைப் போடும். வயதுக்கேற்ற காரியமா இது என்பாள் என் அக்கா. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் படத்தைப் பார்த்த எவர் கையிலும் ஒரு நீளமான குச்சியைக் கொடுத்துவிட்டு மறைந்து நின்று கவனியுங்கள், தெரியும்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளர். கல்லூரி நாட்களில் படம் ஓட்டும் வேலை பார்த்தவர். ஓடாமல் சும்மா நிற்கும் புரொஜெக்டரின் மோட்டார் ஒருவித முனகலோடு இருக்கும் அல்லவா, அதைப் பிடித்து வைத்தார். ஒருநாள் ஒயர் பழுதான மைக் ஒன்று டிவி பெட்டியின் பக்கம் போனபோது கொர்ரென்று இரைந்தது. வேறு யாராக இருந்தாலும் மைக்கைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் இரண்டையும் கலந்தார். பிறகு அந்தக் கலவையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கை வாள் மாதிரி வீசி வீசிப் பதிவு செய்தார். வீச்சுக்கு வீச்சு ஒலி ஏறி இறங்குவது அப்படித்தான் வந்தது. எதிரிகளின் டை ஃபைட்டர் விமானம் அலறிக்கொண்டு பாய்கிறதே, அது யானைப் பிளிறலும் ஈரச் சாலையில் கார் போகும் இரைச்சலும் சேர்ந்தது. துப்பாக்கியின் 'ப்யூ' சத்தம், உயரமான ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் அடித்தது. வில்லன் டார்த் வேடரின் மூச்சு, கடலுக்குள் முங்குகிறவர்கள் வாயில் வைத்துக்கொள்ளும் ஸ்கூபா ரெகுலேட்டருக்குள் குட்டி மைக்கை நுழைத்து எடுத்தது. எல்லாமே இந்தப் பூமியில், நம் காதுபடக் கிடக்கும் சத்தங்கள். அதனால்தான் எந்தக் கிரகத்துக் கதை என்றாலும் உடம்பு நம்பிவிடுகிறது. பர்ட்டுக்கு ஆஸ்கரில் தனியாக ஒரு சிறப்பு விருதே கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன்.

1977 மே 25. முதல் படம் அமெரிக்காவில் வெறும் 32 தியேட்டர்களில்தான் வெளியானது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் முதலில் எடுக்க நினைத்தது ஃபிளாஷ் கார்டன் என்ற பழைய விண்வெளித் தொடரை. உரிமை கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்றைச் செய்துகொள்வோம் என்று உட்கார்ந்தார். அகிரா குரோசவாவின் 'தி ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்' படத்தில் இரண்டு விவசாயிகள் சதா சண்டை போட்டுக்கொண்டே கதையை நடத்திச் செல்வார்கள். அவர்கள் இங்கே ஆர்டூ-டீடூ, சீ-த்ரீபீஓ என்ற இரண்டு ரோபோக்களாக மாறினார்கள். சாமுராய் தலைக்கவசம் வேடரின் தலையில் ஏறியது. இரண்டாம் உலகப் போர் படங்களிலிருந்து விமானச் சண்டைத் துண்டுகளை வெட்டி ஒட்டி, இந்த மாதிரி வேண்டும் என்று தொழில்நுட்ப ஆட்களிடம் போட்டுக் காட்டினார்கள். இத்தனையையும் ஒன்றாகப் போட்டால் கதம்பமாகத்தானே ஆகியிருக்க வேண்டும்? ஆகவில்லை. ஏன் ஆகவில்லை, ஐம்பது வருஷத்தை நெருங்கியும் ஏன் இந்தக் கிறுக்கு தீரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ஆனால் அதற்கு முன்னால் அழுக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

அதுவரை வந்த விண்வெளிப் படங்களை நினைத்துப் பாருங்கள். கப்பல்கள் பளபளவென்று இருக்கும், எல்லோரும் இஸ்திரி போட்ட வெள்ளை உடையில் திரிவார்கள். லூகாஸின் உலகத்தில் எல்லாம் செகண்ட் ஹேண்ட். ரோபோக்களின் மேல் கீறல், ஒழுகிய எண்ணெய்க் கறை. லூக் ஸ்கைவாக்கர் என்ற விவசாயப் பையனின் பறக்கும் வண்டியில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. ஹான் சோலோவின் மில்லேனியம் ஃபால்கன் கப்பலைப் பார்த்ததுமே லூக் "என்ன ஓட்டை வண்டி இது" என்று வாய்விட்டே கேட்கிறான். 1980ல் வந்த இரண்டாவது படமான 'எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்'கில் எதிரி துரத்திக்கொண்டு வரும்போது கப்பலின் விளக்கெல்லாம் போய்விடும். ஹான் சுவரில் ஓங்கி ஒரு குத்து விடுவான். விளக்கு வந்துவிடும். படம் வராத பழைய டிவியின் தலையில் தட்டி வளர்ந்த தலைமுறைக்கு இதைவிட நெருக்கமான கதாநாயகன் உண்டா? அந்தப் படத்தில் கடைசிக் கட்டம் வரை அவன் கப்பலின் ஹைப்பர்டிரைவ் வேலையே செய்யாது. ஒளியைவிட வேகமாகப் போகிற கப்பல்தான், கிளம்பினால்!

அந்த லைட்சேபரின் கைப்பிடியும் அப்படித்தான். செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு போட்டோக் கடையில் துழாவி, பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியை எடுத்துவந்து, பிடிமானத்துக்கு ரப்பர் மாதிரிப் பட்டைகளை ஒட்டிக் கொடுத்தார். கப்பல் மாதிரிகளைச் செய்தவர்கள் கடையில் விற்கும் பொம்மை டாங்கி, பொம்மை விமானப் பெட்டிகளை வாங்கி, உதிரித் துண்டுகளைக் கப்பலின் உடம்பு முழுக்க ஒட்டினார்கள். எது எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. முதல் படத்தின் தொடக்கத்தில் நம் தலைக்கு மேல் வந்துகொண்டே, வந்துகொண்டே, முடியாமல் வந்துகொண்டே இருக்கிற அந்தப் பிரம்மாண்டப் போர்க்கப்பல் இருக்கிறதே, அதன் உண்மையான நீளம் மூன்றடி சொச்சம். முதல் தடவை இதைப் படித்தபோது நம்பாமல் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தெரிந்த பிறகும் கழுத்து தானாக நிமிர்கிறது.

இப்போது என் விடைக்கு வருகிறேன். அதை ஒரு ஆளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

'எம்பயர்' படத்தில் மேகங்களுக்கு நடுவே மிதக்கும் ஒரு நகரம் வரும். எதிரிகள் கைப்பற்றிவிட்டார்கள், ஓடுங்கள் என்று அறிவிப்பு வந்ததும் ஜனங்கள் அலறியடித்து ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஆரஞ்சு உடை போட்ட ஒருவர் வெள்ளையாக ஏதோ உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கண் சிமிட்டினால் தவறிவிடும். துணை நடிகர், வசனம் கிடையாது. கையில் இருப்பது என்ன? வீட்டில் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம். செட்டில் கிடந்த எதையோ எடுத்துக் கொடுத்து ஓடச் சொல்லியிருக்கிறார்கள்.

ரசிகர்கள் விடுவார்களா! ஊரே உயிருக்கு ஓடும்போது இந்த மனுஷன் ஐஸ்கிரீம் இயந்திரத்தை ஏன் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்? அப்படியானால் அது இயந்திரமாக இருக்க முடியாது, ஏதோ ரகசியம். ஒரு சீட்டு விளையாட்டில் அவருக்கு வில்ரோ ஹுட் என்று பெயர் வைத்தார்கள். அவர் சுரங்கத் தொழிலாளி, உருளைக்குள் இருப்பது கலகக்காரர்களைப் பற்றிய தகவல்கள், அது எதிரி கையில் சிக்கக் கூடாது என்றுதான் ஓடுகிறார் என்று கதை முளைத்தது. பிறகு பொம்மை வந்தது. ரசிகர் மாநாடுகளில் ஆரஞ்சு உடை போட்டு, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் இயந்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டமாக ஓடுகிறார்கள். கடைசியில் 2019ல் வந்த 'தி மேண்டலோரியன்' தொடரில் அதே உருளையைப் பெட்டகமாகக் கொண்டுவந்து, கேம்டோனோ என்று முறைப்படி பெயரும் வைத்து, உள்ளே விலை மதிக்க முடியாத உலோகக் கட்டிகளை அடுக்கிக் காட்டினார்கள். அந்தக் காட்சியில் நான் சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

இதுதான் விஷயம். இந்தப் படங்கள் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம். விட்ட இடத்தில் எல்லாம் நாம் குடியேறிவிட்டோம்.

1977 படத்தில் பெரியவர் ஓபி-வானிடம் லூக் பேச்சோடு பேச்சாக 'குளோன் போர்' என்று ஒரு வார்த்தையைச் சொல்வான். யாரோடு யார் போர், குளோன் என்றால் யார், ஒன்றும் கிடையாது. அவனும் மேற்கொண்டு கேட்கமாட்டான், அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி போல. 2002 வரைக்கும், முழுசாக 25 வருஷம், உலகத்தில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அந்தப் போரைத் தங்கள் தலைக்குள் நடத்திக்கொண்டிருந்தார்கள். போபா ஃபெட் என்ற கூலிவேட்டைக்காரன் 'எம்பயர்' படத்தில் நாலே வரிதான் பேசுவான், முகத்தைக் காட்டவே மாட்டான். அடிபட்ட கவசம், முதுகில் ராக்கெட், நிற்கும் தோரணை. அவ்வளவுதான் மூலதனம். 2021ல் அவன் பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. மாஸ் ஐஸ்லி மதுக்கடையில் ஓரிரு நொடி முகம் காட்டிய விலங்கு முகக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இன்றைக்குப் பெயர், ஊர், தொழில், பகை எல்லாம் உண்டு.

இதில் என் உயிருக்கு உயிரான காட்சி ஒன்று இருக்கிறது. லூக், "என் அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்பான். ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் உடனே பதில் சொல்லமாட்டார். பார்வை ஒரு கணம் விலகும். சின்னதாக ஒரு தயக்கம். பிறகுதான், வேடர் என்கிற என் சிஷ்யன் அவரைக் கொன்றுவிட்டான் என்பார். 1977ல் பார்த்தவர்களுக்கு அது முதியவரின் துக்கம். 1980ல் வேடரே "உன் அப்பா நான்தான்" என்று சொன்ன பிறகு அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தயக்கம் ஒரு கிழவர் பொய்க்கு வார்த்தை தேடும் நேரமாகிவிடுகிறது! படமெடுத்த அன்று அந்த உறவு கதையிலேயே இல்லை, கின்னஸுக்கு எப்படித் தெரியும்? நல்ல நடிகர் ஒரு இடைவெளி விட்டுவைத்தார், காலம் வந்து அதில் ரகசியத்தை வைத்துவிட்டுப் போனது. நான் இதை எத்தனை பேருக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்த ரகசியத்தைக் காப்பாற்றியதும் ஒரு கதை. படப்பிடிப்பில் வேடர் உடையில் நின்ற டேவிட் பிரவுஸுக்குக் கொடுத்த வசனமே வேறு; ஓபி-வான்தான் உன் அப்பாவைக் கொன்றார் என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர். லூக்காக நடித்த மார்க் ஹாமிலிடம் மட்டும் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர் ஷாட்டுக்குச் சற்று முன்னால் உண்மையைச் சொன்னார். உண்மையான வரியைப் பிறகு ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் தன் இரும்புக் குரலில் பேசிச் சேர்த்தார். அந்த வரியைப் படித்ததும், வேடர் பொய் சொல்கிறான் என்றுதான் அவர் நினைத்தாராம்.

இசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் பத்தாது. ஜான் வில்லியம்ஸ் என்று ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். 1977 மார்ச்சில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு. விண்வெளி என்றாலே கீச்கீச் மின்னணு ஒலிதான் என்றிருந்த காலத்தில், இவர் பழைய பாணி ஆர்கெஸ்ட்ராவை முழு வீச்சில் இறக்கினார். ஆளுக்கொரு மெட்டு, அணிக்கொரு மெட்டு. இரண்டு சூரியன்கள் அடிவானத்தில் இறங்க, லூக் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு கொம்பு தனியாக எழுகிறது, பின்னாலேயே வயலின்கள். வசனம் ஒன்றும் இல்லை. ஊரைவிட்டுப் போக ஆசைப்பட்டு மொட்டைமாடியில் நின்ற எவருக்கும் அங்கே வசனம் தேவைப்படாது. 1999 படத்தின் வாள்சண்டைக்கு அவர் போட்ட கோரஸ் சமஸ்கிருதத்தில் இருக்கிறது. பழைய வெல்ஷ் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த கருத்தைச் சமஸ்கிருதமாக்கி, அசைகளை ஓசைக்காகக் கலைத்து அடுக்கியிருக்கிறார். சாஸ்திரிகளே வந்தாலும் அர்த்தம் பிடிபடாது. ஆனால் மயிர்க்கூச்செறியும்.

நான் கண்மூடிப் புகழ்கிறவன் இல்லை என்பதற்காகச் சிலதைத் திட்டியும் ஆக வேண்டும். கவனித்துப் பார்த்தால், இந்தத் தொடர் சறுக்கிய இடமெல்லாம் காலி இடத்தை அடைத்த இடம்தான். ஃபோர்ஸ் என்பது உயிர்களையெல்லாம் பிணைக்கும் சக்தி என்று கேட்டுக் கண்கள் விரிந்த நமக்கு, 1999ல் வந்து, அது ரத்தத்தில் இருக்கும் மிடிகுளோரியன் என்ற நுண்ணுயிரின் எண்ணிக்கை என்றார்கள். லேப் ரிப்போர்ட்! 2018ன் 'சோலோ' படத்தில், ஹான் தனி ஆளாக நின்றதால் படைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி சோலோ என்று எழுதிக்கொண்டார் என்று பெயருக்குக்கூட விளக்கம் கொடுத்தார்கள். யார் கேட்டது? 2017ன் 'தி லாஸ்ட் ஜெடாய்', நாயகி ரேயின் பெற்றோர் ஊர் பேர் தெரியாதவர்கள் என்று சொல்லி அழகாக ஒரு கதவைத் திறந்து வைத்தது. 2019ல் வந்த அடுத்த படம், இல்லை இல்லை, அவள் பேரரசர் பால்பட்டீனின் பேத்தி என்று அந்தக் கதவை இழுத்துச் சாத்தியது. இந்தக் கோபம் எனக்குச் சாகும்வரை தீராது.

ஆனாலும் பாருங்கள், கோபம்கூட இந்தத் தொடருக்கு உரம்தான். 1999லிருந்து 2005 வரை வந்த மூன்று படங்களைப் பெரியவர்கள் காறித் துப்பினார்கள். அதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் வளர்ந்து வந்து, இது எங்கள் படம், கைவைக்காதே என்கிறார்கள். வேடராக மாறும் இளைஞன் அனகினாக நடித்ததற்காக அவ்வளவு கேலி வாங்கிய ஹேடன் கிறிஸ்டென்சன் 2022ல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் திரும்பி வந்தபோது கொண்டாட்டம். தலைமுறைக்கொரு வாசல். என் அக்கா மகன் நுழைந்தது மேண்டலோரியன் வாசல் வழியாக. அவனை உட்காரவைத்து 1977 படத்தைப் பெருமையாகப் போட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்தான்.

"மாமா, இதுல பேபி யோடா எப்ப வருவான்?"

"வருவான்டா. இன்னும் நாப்பத்திரண்டு வருஷம் ஆகும்."

முறைத்தான். ஆனால் இளவரசி லேயா, தன்னைக் காப்பாற்ற வந்த ஆண்கள் திணறுவதைப் பார்த்து, துப்பாக்கியைப் பிடுங்கிச் சுவரைச் சுட்டு ஓட்டை போட்டு, குதிங்கடா குப்பைக்குள்ளே என்று விரட்டுவாளே, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இவங்கதான் மாமா பாஸ்!" லேயாவாக நடித்த கேரி ஃபிஷருக்குப் படமெடுத்தபோது பத்தொன்பது வயது. பையன் இப்போது பட வரிசை பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான். வெளியான வரிசையா, கதை வரிசையா என்று சாப்பாட்டு மேஜையில் சண்டை. அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பொம்மைகளையும் சொல்லாமல் விட முடியாது. லூகாஸ் இயக்குநர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல், பொம்மை முதலான பண்டங்களின் உரிமையையும் அடுத்த படங்களின் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டூடியோவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்குள் கென்னர் கம்பெனியால் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? காலி அட்டையை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு, அதை அனுப்பினால் அடுத்த வருஷம் நாலு பொம்மை வீடு தேடி வரும். பிள்ளைகள் வாங்கினார்கள். காலி இடத்தையே காசு கொடுத்து வாங்கவைத்த ஒரே படம் இதுவாகத்தான் இருக்கும். 2012ல் டிஸ்னி லூகாஸின் கம்பெனியை வாங்கிய விலை 400 கோடி டாலருக்கு மேல்.

இன்னொரு சந்தோஷம்: 2013ல் முதல் படத்தை அமெரிக்கப் பழங்குடி மொழியான நவஹோவில் டப் செய்து, அரிசோனாவில் அந்த மக்களின் ஊரான விண்டோ ராக்கில் திரையிட்டார்கள். பேசுகிறவர் குறைந்துகொண்டே வரும் மொழியைப் பிள்ளைகள் காதில் போட வேடரை அழைத்தார்கள். இதைவிட நல்ல காரியம் அந்தக் கறுப்பு முகமூடி செய்ததில்லை.

சரி, இவ்வளவு தூரம் படித்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு. முதலில் 1977, 1980, 1983 மூன்றையும் பாருங்கள். பிறகு 'ஆண்டோர்'. டோனி கில்ராய் உருவாக்கியது, 2022லும் 2025லும் இரண்டு பருவங்கள். அதில் லைட்சேபர் இல்லை. ஃபெரிக்ஸ் என்ற தொழிலாளர் ஊர், அங்கே சுவரில் வரிசையாகத் தொங்கும் வேலைக் கையுறைகள், கோபுரத்தில் ஏறி இரும்பை அடித்துப் பொழுதை அறிவிக்கும் ஆள், இறந்தவரின் சாம்பலைச் செங்கல்லாக்கிச் சுவரில் பதிக்கும் வழக்கம். யாரும் எதையும் நமக்கு விளக்குவதில்லை, ஊர் பாட்டுக்கு நடக்கிறது. ஒரு சிறையில் கைதிகள் என்னவென்றே தெரியாத இயந்திர பாகத்தை இரவும் பகலும் பூட்டிக்கொண்டிருப்பார்கள். அது எதற்கு என்று தெரிய வேண்டுமானால், முதல் பருவம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள்.

அதன் பிறகு 2016ன் 'ரோக் ஒன்'. முதல் படத்தின் தொடக்கத்தில் மேலேறிப் போகும் மஞ்சள் எழுத்துகளில், ஒற்றர்கள் டெத் ஸ்டார் என்ற பேராயுதத்தின் வரைபடத்தைத் திருடினார்கள் என்று ஒரு வாக்கியம் வரும். யார் அந்த ஒற்றர்கள் என்று 39 வருஷம் கழித்து எடுத்த முழுப்படம் அது. அது முடிகிற இடத்துக்கும் 1977 படம் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே கதையில் அதிக நேரம் இல்லை. அதனால் ரோக் ஒன் முடிந்ததும் விளக்கைப் போடாதீர்கள், போனை எடுக்காதீர்கள், மீதிப் பாப்கார்னை வைத்துக்கொண்டு அப்படியே பழைய படத்தை இன்னொரு தடவை ஓடவிடுங்கள். சத்தத்தைக் கூட்டிவைக்க மறக்க வேண்டாம்.